கண்ணடிக்கிற மாஸ்டர்

ஜனவரி 20, திங்கள்

இந்த நோட்டு நான் ஆசைப்பட்டு வாங்கியது இல்லை. தண்டனை.

வெள்ளிக்கிழமை பள்ளி அறிவிப்புப் பலகையில், 'திங்கள் முதல் மதியம் அரைமணி நேரம் கட்டாயத் தூக்கம், ஆறாம் வகுப்பினர் தலையணை கொண்டுவரவும்' என்று எழுதி, கீழே தலைமையாசிரியை கையெழுத்தையும் போட்டேன். இன்று காலை நாற்பத்தொரு பிள்ளைகள் தலையணையோடு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி பாயும் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

எஸ்தர் டீச்சர் அடிக்கவில்லை, கத்தவில்லை. "சங்கரகோமதி, ஒனக்கு இன்ஜின் நல்லா இருக்கு. பிரேக்குதான் இல்ல. தினமும் யார ஏமாத்துன, அதனால யாருக்கு என்னாச்சுன்னு ஒரு நோட்டுல எழுது. திங்கக்கிழமைதோறும் எங்கிட்ட காட்டு."

"யாரையும் ஏமாத்தலன்னா என்ன டீச்சர் எழுத?"

"அன்னைக்கு வீட்டுல நடந்தத எழுது. பொய்யி மட்டும் எழுதாத."

பிளஸ் ஒன் படிக்கிறவளுக்கு இரண்டாம் வகுப்புத் தண்டனை. எழுதுகிறேன். நாற்பத்தொரு பேருக்கு ஒன்றும் ஆகவில்லை. பாய் கொண்டுவந்தவள் மட்டும் உண்மையிலேயே தூங்கிவிட்டாள்.

ஜனவரி 23

ஏமாந்தவர்: அம்மா. அவள் போனில் அலாரத்துக்குச் சேவல் கூவும். அதை எடுத்துவிட்டு, 'செல்வி, எந்திரி, தறி ஓடிப்போச்சு' என்று என் குரலைக் கட்டையாக்கிப் பதிந்து வைத்தேன். அம்மா விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றப் போகிறவள். தறி ஓடினால் அவளுக்குச் சந்தோஷம், ஓடிப்போனால்தான் கவலை. பாதித் தூக்கத்தில் எழுந்து சேலையைத் தேடினாள்.

அப்பா பாயில் படுத்தபடியே சிரித்தார். சிரித்து முடித்த பிறகும் வலது கண் பாதி மூடியே இருந்தது.

"ஏம்ப்பா, ஒரு கண்ணு இன்னும் தூங்குது?"

"ராத்திரி ஒரு மணிக்குல்லா வந்து படுத்தேன். அதுக்கு இன்னும் விடியல."

அப்பாவைப் பற்றி எழுத வேண்டும். பெயர் ஆறுமுக நயினார். சங்கரன்கோவில் பேருந்து நிலையத்துக்கு எதிரே காஜா மாமா கடையில் பரோட்டா மாஸ்டர். பத்தொன்பது வருடம் ஒரே கல், ஒரே முதலாளி. மாவை வீசினால் அது சல்லாத்துணி மாதிரி விரிந்து, அந்தப் பக்கம் பேருந்து நிற்பது இந்தப் பக்கம் தெரியும். வீட்டில் வெந்நீர் போடக்கூட வராது.

பிப்ரவரி 2, ஞாயிறு

இன்று செய்ததைச் சேட்டை என்று சொல்வதா, கலை என்று சொல்வதா தெரியவில்லை.

சாயங்காலம் சால்னா வாங்கப் போனவள், அம்மா போனில் அப்பாவைப் படம் பிடித்தேன். மாவு கல்மேடையில் 'பட்' என்று விழும்போதெல்லாம் அப்பா நிமிர்ந்து எதிரே நிற்கிறவர்களைப் பார்க்கிறார். ஒரு கண் திறந்திருக்கிறது, ஒரு கண் இறங்கியிருக்கிறது. அப்படியே கண்ணடிக்கிற மாதிரி. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு 'பட்'டுக்கும் ஒரு 'டிங்' சேர்த்து, அந்த இடத்தை மட்டும் மெதுவாக ஓடவிட்டேன். 'கண்ணடிக்கிற மாஸ்டர், சங்கரன்கோவில்' என்று தலைப்பு. என் கூட்டாளி பெனிட்டாவுக்குத்தான் பின்தொடர்கிறவர்கள் அதிகம். அவள் கணக்கில் ஏற்றினோம்.

அப்பாவிடம் காட்டியபோது இரண்டு முறை பார்த்தார். "நானா இப்பிடி அடிக்கேன்?" என்றார். மூன்றாவது முறையும் போடச் சொன்னார்.

பிப்ரவரி 3

எஸ்தர் டீச்சர் நோட்டைப் பார்த்தார். 'யாருக்கு என்னாச்சு' என்ற இடத்தில் 'எல்லாருக்கும் சிரிப்பாச்சு' என்று எழுதியிருந்தேன். டிக் போட்டார்.

பிப்ரவரி 8

நாற்பதாயிரம் பேர் பார்த்துவிட்டார்கள். ஆடித்தபசுக் கூட்டத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் இவ்வளவு தலையை ஒன்றாகச் சேர்த்தது நான்தான்.

பிப்ரவரி 14

கடையில் உட்கார இடமில்லை. ராஜபாளையத்திலிருந்தும் கழுகுமலையிலிருந்தும் பைக்கில் வருகிறார்கள். பரோட்டாவைக் கேட்கும் முன்பே "மாஸ்டர், ஒரு தடவ அடிங்க" என்று போனைத் தூக்குகிறார்கள். அப்பா புதிதாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சும்மா பார்த்தாலே போதும்.

காஜா மாமா ஒற்றைக்கண் மூடிய முகம் ஒன்றை வரைந்து பிளக்ஸ் கட்டிவிட்டார். "நயினாரு, கண்ண கிண்ண சரி பண்ணிராதேயும் வே. கடைய மூடிட்டுப் போவ வேண்டியதுதான்" என்றார். அப்பா தலையை ஆட்டிக்கொண்டே மாவு வீசினார்.

வீட்டில் அம்மாதான் முறுக்கிக்கொண்டாள். "ஊர்ல உள்ள பொம்பளையளுக்கெல்லாம் கண்ணடிக்காரு. கட்டிக்கிட்டு வந்து பதினெட்டு வருசத்துல எனக்கு ஒருநாளு அடிச்சதில்ல."

"ஒனக்கும் சேத்துதான் அடிக்கேன். நீதான் கடப்பக்கமே வரமாட்டுக்க."

அம்மா சிரிப்பை மறைக்க அடுக்களைக்குப் போனாள். அங்கே தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது.

பிப்ரவரி 22

அப்பாவுக்கு வலது தோளில் வலி. கழுத்தின் ஓரமாக ஆரம்பித்து, தோள்பட்டைக்குப் பின்னால் இறங்கி, கையின் உள்பக்கமாகப் போகிறதாம். பரோட்டா மாஸ்டருக்குத் தோள் வலிக்காமல் பின்னே தபால்காரருக்கா வலிக்கும். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்து டாக்டர் ஊசி போட்டார். "வீசுத வேலைய கொறைங்க" என்றாராம். கூட்டம் வந்த நேரத்தில் எப்படிக் குறைப்பது.

தைலம் தேய்த்துவிட்டேன். தேய்க்கும்போது இன்னொன்று கண்டுபிடித்தேன். வெக்கையில் அப்பாவுக்கு முகத்தின் இடது பாதி வியர்த்து வடிகிறது. வலது பாதி காய்ந்து கிடக்கிறது. மூக்குக்கு நடுவே கோடு போட்டுப் பிரித்த மாதிரி. கல்லுக்கு முன்னால் நிற்கும்போதும் அப்படித்தானாம்.

"ஆறுமுக நயினார் இல்லப்பா நீங்க. அரைமுக நயினார்."

அப்பாவுக்குச் சிரிப்பில் தோள் வலித்துவிட்டது. "சிரிக்க வைக்காதட்டி" என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

பெனிட்டா கணக்கில் இதையும் ஏற்றலாம். ஒரு பக்கம் மழை, ஒரு பக்கம் வெயில்.

மார்ச் 8

அம்மா முடிவு செய்துவிட்டாள். தறிக்கூடத்தில் ஒருத்திக்கு இமை இறங்கி, திருநெல்வேலி கண் ஆஸ்பத்திரியில் காட்டியதில் உடம்பில் வேறு ஏதோ இருந்ததாம். "திங்கக்கிழம நான் லீவு சொல்லிட்டேன். காலையில முதல் வண்டி. நீங்க ஒண்ணும் பேசக்கூடாது" என்றாள். அப்பா ஒன்றும் பேசவில்லை.

ஆனால் திங்கட்கிழமை மதுரையிலிருந்து சாப்பாட்டு வீடியோ போடுகிற இரண்டு பேர் கடைக்கு வருகிறார்கள். அவர்களை ஒருமணி நேரம் கெஞ்சி வரவழைத்ததே நானும் பெனிட்டாவும்தான். பத்து லட்சம் பேர் அவர்களைப் பார்க்கிறார்கள்.

மார்ச் 10

அப்பா திருநெல்வேலி போகவில்லை. கடையில் வேலை இருக்கிறது என்று அவரே சொல்லிவிட்டார். அம்மா பேசாமல் தறிக்கூடத்துக்குப் போனாள்.

வீடியோ எடுத்தார்கள். நாளைக்கு இயற்பியல் பரீட்சை. படிக்க வேண்டும்.

ஏப்ரல் 19

அப்பாவின் வலது சுண்டுவிரல் மரத்துப்போய்விட்டது. கிள்ளினால் தெரியவில்லையாம். 'சுண்டு மட்டும் லீவு எடுத்துட்டுது' என்றேன். அப்பா அதைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மே 17

பள்ளி விடுமுறை. நோட்டைப் பார்க்க எஸ்தர் டீச்சர் இல்லை. ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. பழகிவிட்டது.

இன்று கடையில் ஒருவர் பரோட்டாவைப் பிய்த்துப் பார்த்துவிட்டு, "மாஸ்டரே, கண்ண அடிச்சது போதும், மாவ அடியும்" என்றார். பரோட்டா தடிமனாகத்தான் இருந்தது. அப்பா மாவை வீசும்போது பாதியில் கை தளர்ந்து, மாவு தரையில் விழுந்தது. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை என்று காஜா மாமா சொன்னார். யாரிடமோ பெருமை சொல்வது மாதிரி சொன்னார்.

இப்போது தென்காசிக்காரன் ஒருவன் வீசுகிறான். அப்பா பக்கத்தில் நின்று உருண்டை பிடிக்கிறார். பிளக்ஸில் இருக்கிற ஆள் கடையில் நிற்க வேண்டும் இல்லையா. ஆனால் போன்களைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் நின்றுவிட்டார்கள். புளியங்குடியில் யாரோ ஒருவர் தலையில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு டீ ஆற்றுகிறாராம்.

அப்பாவின் சட்டை தோளில் இருந்து நழுவுகிறது. அம்மா இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள்.

ஜூன் 26

பள்ளியில் கண் பரிசோதனை முகாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்கள் வாசித்ததைக் கேட்டு, எழுத்துப் பலகையின் கடைசி வரி வரைக்கும் மனப்பாடம் செய்துவிட்டேன். என் முறை வந்தபோது இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டு வாசித்தேன். பரிசோதனை செய்த அக்கா சத்தமில்லாமல் பலகையை மாற்றிவிட்டிருந்தாள். வரிசை முழுக்கச் சிரித்தது. தோற்றுவிட்டோமே என்று, அப்பா மாதிரி வலது இமையை இறக்கிக்கொண்டு, "எங்களுக்கு இது பரம்பரை வியாதி, அப்பாவுக்கும் ஒரு கண்ணு அரைக்கதவு" என்றேன்.

பக்கத்து மேசையில் இருந்த டாக்டரம்மா நிமிர்ந்தார். "அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே அப்படியா?"

"இல்ல டாக்டர். இந்த வருசந்தான். அதுக்கு முன்னால முழுக்கதவு."

"அவருக்குப் போன் பண்ணி வரச்சொல்ல முடியுமா?"

"எதுக்கு டாக்டர்? அப்பா வீடியோவே இருக்கு. ஒன்றரை லட்சம் பேர் பாத்துருக்காங்க."

அவர் தன் போனில் தேடினார். 'டிங்' சத்தம் கேட்டதும் வரிசையில் இருந்தவர்கள் மறுபடி சிரித்தார்கள். டாக்டரம்மாவும் முதலில் சிரித்தார். பிறகு நிறுத்தினார். விரலால் படத்தைப் பெரிதாக்கினார். அந்த அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"இங்க பாரும்மா. கண்ணுக்கு நடுவுல இருக்கற கறுப்பு வட்டம், இந்தப் பக்கம் சின்னதா இருக்கு. அந்தப் பக்கம் பெருசா இருக்கு. பாத்தியா?"

நான் இந்த வீடியோவை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன். பார்த்ததில்லை.

"கை, தோள் வலிக்குதுன்னு சொல்வாரா?"

"பரோட்டா மாஸ்டர், டாக்டர். வலிக்கத்தான செய்யும்."

"வேர்க்கும்போது ரெண்டு பக்கமும் வேர்க்குதா?"

நான் அரைமுகம் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை.

"பீடி, சிகரெட்?"

"பீடி. கடைக்குப் பின்னால. அம்மாவுக்குத் தெரியாதுன்னு நெனச்சிட்டிருக்காரு."

டாக்டரம்மா ஒரு சீட்டில் எழுதினார். நாளைக்கே அரசு ஆஸ்பத்திரியில் மார்பு எக்ஸ்ரே. கண்ணுக்கு எதற்கு நெஞ்சில் எக்ஸ்ரே என்று கேட்டேன். அவர் என்னை நாற்காலியில் உட்கார வைத்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லையாம். இமையைத் தூக்கிப் பிடிக்கிற நரம்பு ஒன்று, தலையிலிருந்து நேராகக் கண்ணுக்கு வராமல், நெஞ்சுக்குள் இறங்கி, நுரையீரலின் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்பி மேலே ஏறுகிறதாம். அந்த உச்சியில் எதாவது வளர்ந்து நரம்பை அமுக்கினால் இமை இறங்கும், கறுப்பு வட்டம் சுருங்கும், அந்தப் பக்கம் வியர்க்காது. பக்கத்திலேயே கைக்குப் போகிற நரம்பும் இருக்கிறதாம்.

"இந்த வீடியோ எப்ப எடுத்தது?"

"பிப்ரவரி ரெண்டு."

அவர் விரலை மடக்கி எண்ணினார். சத்தமாக எண்ணவில்லை.

ஜூன் 27

அம்மா சம்பளத்தை விட்டுவிட்டு வந்தாள். எக்ஸ்ரே எடுக்கிறவர் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இடது பக்கம் மேலே கறுப்பாக இருந்தது. வலது பக்கம் மேலே, கழுத்துக்குக் கீழே, பரோட்டா உருண்டை மாதிரி ஒரு வெள்ளை.

அப்பா என் முகத்தைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார் போல.

ஜூலை 4

ஸ்கேன். ஊசியால் சதை எடுத்தார்கள். எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை யாரும் சொல்வதில்லை. அம்மா 'கட்டி' என்கிறாள். காஜா மாமா 'அது' என்கிறார். அப்பா 'இது' என்கிறார்.

காஜா மாமா பிளக்ஸை இறக்கிவிட்டார். அதைச் சுருட்டி எங்கே வைப்பது என்று தெரியாமல் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கொண்டுவந்து, உள்ளே வராமல், திரும்பிக் கொண்டுபோனார்.

ஜூலை 11

திருவனந்தபுரம். எங்கள் பக்கத்து ஆட்கள் இதற்கெல்லாம் இங்கேதான் வருகிறார்கள். வரிசையில் பாதி பேர் தமிழ். யாரும் யாரிடமும் எந்த ஊர் என்று கேட்ட பிறகு அடுத்த கேள்வியைக் கேட்பதில்லை.

டாக்டர் மலையாளம் கலந்த தமிழில் மெதுவாகப் பேசினார். முதுகெலும்புக்கும் கல்லீரலுக்கும் போய்விட்டது. ஆபரேஷன் கிடையாது. கரண்ட் என்று எல்லாரும் சொல்கிற கதிர்வீச்சு வைத்தால் தோள் வலி குறையும், பிறகு மருந்து பார்க்கலாம்.

அம்மா கேட்டாள்: "கொஞ்சம் முன்னாலயே வந்திருந்தா, சார்?"

"அது இப்போ ஆலோசிக்க வேண்டாம், அம்மே."

"இல்ல சார், சும்மா கேக்கேன்."

அவர் கோப்பைப் புரட்டினார். "குளிர்காலத்திலே, கண் இறங்கின உடனே வந்திருந்தால், ஒருவேளை ஆபரேஷன் நோக்கியிருக்கலாம். ஒருவேளைதான். உறுதியில்லை."

அம்மா தலையாட்டினாள். மார்ச் பத்தாம் தேதிக்கு லீவு சொல்லி வைத்தவள் அவள். அதை அவள் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 12

மார்ச் 10-இல் எழுதியது பொய்.

அப்பா 'கடையில் வேலை இருக்கிறது' என்று சொன்னது நிஜம். சொல்ல வைத்தது நான். அன்று காலை அம்மா குளிக்கப் போன நேரத்தில் அப்பா வேட்டி கட்டிக்கொண்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பி உட்கார்ந்திருந்தார். கையில் பழைய ஆஸ்பத்திரிச் சீட்டெல்லாம் மடித்து வைத்திருந்தார். நான் போய் முன்னால் உட்கார்ந்தேன்.

"அப்பா, இன்னைக்குப் போவாதீங்க. மதுரக்காரங்க வாராங்க. கண்ண சரி பண்ணிட்டு வந்தீங்கன்னா அவங்க எத எடுப்பாங்க? ஒரே ஒரு வாரம். எனக்காக."

அவர் சீட்டுகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "சரி, நீ சொல்லுத" என்றார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

அந்த ஒரு வாரத்துக்குப் பிறகு பரீட்சை. பிறகு அம்மாவுக்கு லீவு இல்லை. பிறகு மறுபடி ஊசி போட்டதில் வலி கொஞ்சம் குறைந்தது. இதெல்லாம் நிஜம். ஆனால் சட்டையைக் கழற்றி மாட்டியது என்னால்.

எஸ்தர் டீச்சர் இந்தப் பக்கத்தைப் பார்க்கப் போவதில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஜூலை 25

பெனிட்டாவிடம் வீடியோவை நீக்கிவிடச் சொன்னேன். நீக்கினாள். ஆனால் வேறு ஆட்கள் ஏற்கனவே எடுத்துத் தங்கள் கணக்கில் போட்டிருக்கிறார்கள். ஒருவன் அப்பா முகத்துக்குப் பூனைக்காது வைத்திருக்கிறான். கீழே யாரோ 'செம பார்ட்டி' என்று எழுதியிருக்கிறார்கள். அவனுக்கு என்ன பதில் எழுதுவது. எழுதி எழுதி அழித்தேன்.

ஆகஸ்ட் 8

கரண்ட் வைப்பதில் இன்று பதினொன்றாவது நாள். பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, அப்பாவோடு நான் இருக்கிறேன். அம்மா தறிக்குப் போயே ஆக வேண்டும், சனி ஞாயிறு வருவாள்.

டோக்கன் அறுபத்திரண்டு. சுவரில் நாற்பத்தொன்று ஓடிக்கொண்டிருந்தது. அப்பா சாய்ந்து உட்கார முடியாமல் என் தோளில் சாய்ந்திருந்தார். கனமே இல்லை.

"அப்பா, ஒரு விசயம் சொல்லணும்."

"என்னட்டி, இங்கயும் எவன் தலகாணியையாவது எடுத்துட்டு வரச் சொல்லிட்டியா?"

"மார்ச்சுல நீங்க கண்ணாஸ்பத்திரிக்குக் கெளம்பி இருந்தீங்கல்லா. நாந்தான தடுத்தேன்."

அவர் சுவரில் எண் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டு. நாற்பத்து மூன்று.

"அம்மைட்ட சொன்னியா?"

"இல்ல."

"சொல்லாத."

"அன்னைக்குப் போயிருந்தா ஆபரேசன் பண்ணிருப்பாங்கப்பா."

ஒரு நர்ஸ் யாருடைய பெயரையோ தப்பாகக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவள் போன பிறகுதான் அப்பா பேசினார். குரல் கட்டிக்கொண்டுவிட்டது, காதை வாயருகே கொண்டுபோக வேண்டியிருக்கிறது.

"இங்க பாரு கோமு. ஒனக்கு மட்டும் சொல்லுதேன். பொங்கலுக்கு முன்னாலயே எனக்கு இருமுனா ரத்தம் வரும். கண்ணு எறங்கதுக்கு முன்னாலயே. கடைக்குப் பின்னால போயி இருமிட்டு, துண்டுல தொடச்சிட்டு வந்துருவேன். இது இன்னதுன்னு எனக்கு அப்பமே தெரியும். பயம். அம்மை திருநெல்வேலிக்குன்னு லீவும் சொல்லிட்டா. எப்பிடிடா தப்பிக்கன்னு இருக்கும்போது நீ வந்து போவாதீங்கன்ன. எனக்கு நீ ஒரு சாக்கு. நீ சொல்லலன்னாலும் வேற எதையாவது சொல்லி நின்னுருப்பேன்."

"நெசமாவா?"

"ஆமாங்கேன்."

"என் தலையில அடிச்சு சொல்லுங்க."

அப்பா சிரித்தார். "கையத் தூக்க முடியலல்லா" என்றார். வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் டோக்கனைப் பிடித்திருந்தார்.

அறுபத்திரண்டு வந்தது. உள்ளே போனார். நான் வெளியே உட்கார்ந்து அழுதேன். ஐந்து மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சில் இருந்து எதையோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அன்று மதியம் நானும் அப்பாவும் கேன்டீனில் கஞ்சி குடித்தோம். பயறு நன்றாக இருந்தது. நான் இரண்டாவது தடவை வாங்கினேன்.

ஆகஸ்ட் 30

வீட்டுக்கு வந்துவிட்டோம். இனிமேல் திருவனந்தபுரம் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வலிக்கு ஒரு மருந்து. நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஐந்து மில்லி. நான் அளந்து கொடுக்கிறேன்.

காஜா மாமா தினமும் சால்னா கொண்டுவருகிறார். அப்பாவால் சாப்பிட முடியாது. மோந்து பார்த்துவிட்டு, "பட்ட கூடிப்போச்சு" என்கிறார். காஜா மாமா போய்க் கடையில் திட்டுகிறார். மறுநாள் கொண்டுவருகிறார். "இன்னைக்குச் சரி" என்கிறார் அப்பா.

செப்டம்பர் 14

அம்மாவை அப்பா பக்கத்தில் உட்காரச் சொன்னார். அம்மா உட்கார்ந்தாள். நான் வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 23

இன்று காலை ஆறு இருபதுக்கு அப்பா.

அக்டோபர் 12

பதினாறாம் நாள் எல்லாம் முடிந்தது. பள்ளிக்குப் போகிறேன். காலாண்டுப் பரீட்சை எழுதவில்லை, தனியாக வைப்பதாகச் சொன்னார்கள். எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டார். நோட்டைக் கேட்கவில்லை. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் சிரிக்கத் தயாராகிறார்கள். பிறகு யாரோ ஒருத்தி மற்றவர்களின் காதில் ஏதோ சொல்கிறாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

இன்று அம்மா அப்பாவின் துணிகளைத் துவைக்க எடுத்துப்போட்டாள். சட்டைகளைக் கடையில் பாத்திரம் கழுவுகிறவருக்குக் கொடுக்கப் போகிறாள். துண்டுகளை மட்டும் கொடுக்க மாட்டாளாம். ஏழு துண்டு. கல்லுக்கு முன்னால் நிற்கும்போது கழுத்தில் போட்டிருப்பவை. துவைக்கும் கல்லுக்கு எதிரே நான் உட்கார்ந்து அலசினேன்.

அம்மா பேசிக்கொண்டே துவைத்தாள். இது ரம்ஜான் கூட்டத்தில் கிழிந்தது. இது காஜா மாமா மகள் கல்யாணத்துக்கு வாங்கியது. இந்த மஞ்சள் போகவே போகாது, எத்தனை சோப்புப் போட்டாலும்.

நான் கேட்டுவிட்டேன். கேட்க வேண்டும் என்று நினைத்துக்கூடக் கேட்கவில்லை. "பொங்கல் சமயத்துல அப்பா துண்டுல ரத்தம் இருந்துச்சாம்மா?"

"ரத்தமா?"

"இருமும்போது."

"இதுல ஒண்ணு விடாம பதினெட்டு வருசமா நாந்தான தொவைக்கேன். எண்ணெ எங்க பட்டிருக்கு, சால்னா எங்க பட்டிருக்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். பீடிய கொண்டுபோயி இதுலதான் முடிஞ்சு வைப்பாரு, அதுவும் எனக்குத் தெரியும். ரத்தம் பட்டிருந்தா தெரியாமயா போவும்? ஒரு சொட்டுகூடக் கெடையாது."

அவள் சோப்பைக் கையில் எடுத்தாள். எடுத்தவள் போடவில்லை.

"ஏங் கேக்க?"

நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏட்டி, அப்பா ஒங்கிட்ட அப்பிடி எதுவும் சொன்னாரா? இருந்துச்சுன்னாரா?" கையில் இருந்த துண்டை விரித்து இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்தாள். "நாந்தான் பாக்காம விட்டுட்டனா கோமு?"

என் வாழ்க்கையில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறேன். என்னை யாரும் ஏமாற்றியது இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டோக்கன் அறுபத்திரண்டில் ஒருவர் ஏமாற்றியிருக்கிறார். பேச மூச்சில்லாத ஆள், அவ்வளவு நீளமாக.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லம்மா. திருவனந்தபுரத்துல எல்லார்ட்டயும் ரத்தம் வந்துச்சான்னு கேட்டாங்க. அப்பாட்டயும் கேட்டாங்க. இல்லவே இல்லன்னாரு. அது நெனப்பு வந்துச்சு, அதான்."

"இல்லன்னுதான சொன்னாரு?"

"இல்லன்னுதான் சொன்னாரு."

அவள் மூச்சு விட்டாள். துண்டின் ஒரு முனையை என்னிடம் நீட்டினாள். எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு பக்கமாக முறுக்கிப் பிழிந்தோம். தண்ணீர் தெளிவாகத்தான் இறங்கியது.